மன்னிப்புக்கு மூன்று பிரதி

கணக்கு டீச்சருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததை வைத்து யாரும் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிப்பதற்கு முன்பே போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறவர் அவர். அல்ஜீப்ரா தொடங்கும் நாளில் வகுப்புக் கதவருகே ஒரு நொடி நின்று, "ஆண்டவரே, இன்னைக்காவது இதுங்க மண்டையில ஏறணும்" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போவார். சில நாள் ஏறும். ஏறாத நாளில் ஆண்டவரையும் குறை சொல்ல மாட்டார், பிள்ளைகளையும் குறை சொல்ல மாட்டார். பாடப்புத்தகம் எழுதியவர்களை மட்டும் நன்றாகத் திட்டுவார்.

அப்படிப்பட்டவருக்குத் தொல்லை பாடக்குறிப்பேட்டின் ஏழாவது கட்டத்தில் வந்தது.

பாடக்குறிப்பேடு என்பது, அடுத்த வாரம் என்ன நடத்தப் போகிறோம் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதி, தலைமை ஆசிரியையிடம் கையெழுத்து வாங்கி, அதன்பிறகு அதைத் திறந்தே பார்க்காமல் நடத்துவதற்கான ஏடு. தலைப்பு, நோக்கம், கருவிகள், நேரம், கேள்விகள், வீட்டுப்பாடம் என்று அதில் ஆறு கட்டங்கள் இருந்தன. பள்ளியை நடத்துகிற திருச்சபைக் கமிட்டிக்கு அது போதவில்லை. கமிட்டியின் சார்பில் நிர்வாகம் பார்க்கும் தாளாளர் ஒரு கூட்டத்தில், "நம்ம பள்ளிக்கூடத்துக்கும் மத்த பள்ளிக்கூடத்துக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கம்பீரமாகக் கேட்டார். டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த ஆயா, தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நம்ம பள்ளிக்கூடத்து பாத்ரூம்ல தண்ணி வராதுங்கய்யா" என்றாள். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. ஏறியது ஏழாவது கட்டம். அதன் பெயர் 'விசுவாச இணைப்பு'.

அதாவது எந்தப் பாடமாக இருந்தாலும், எந்தப் பீரியடாக இருந்தாலும், ஆசிரியர் அந்தப் பாடத்தின் வழியாகப் பிள்ளைகளிடம் விசுவாசத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்தப் பைபிள் வசனம், எத்தனையாவது நிமிடத்தில், எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். கடைசியில் 'தொடப்பட்ட உள்ளங்களின் எண்ணிக்கை' என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'முழு எண்ணில் எழுதவும்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

கணக்கு டீச்சர் முதல் வாரம் அந்த வரியில் 'தெரியவில்லை' என்று எழுதினார். சிவப்பு மையில் 'எண்ணில் எழுதவும்' என்று திரும்பி வந்தது. இரண்டாவது வாரம் பூஜ்ஜியம் போட்டார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மூன்றாவது வாரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஏழு என்று எழுதினார். "ஏன் ஏழு?" என்று தலைமை ஆசிரியை கேட்டார். "எட்டுன்னா அதிகமா இருக்குமேன்னு பார்த்தேங்க" என்றார் டீச்சர். ஆங்கில டீச்சருக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. நாற்பத்தொரு பேர் உள்ள வகுப்பில் நாற்பத்தேழு உள்ளங்களைத் தொட்டதாக எழுதினார். எப்படி என்று கேட்டதற்கு, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று விளக்கம் கொடுத்தார். அந்த மாதத்துப் பாராட்டுப் பத்திரம் அவருக்குத்தான் போனது.

இதையெல்லாம் கவனிக்க ஓர் இணைப்பு அலுவலர் நியமிக்கப்பட்டார். அவருக்கு அறை வேண்டுமென்று மூன்றாம் மாடியில் இருந்த நூலகத்தைக் காலி செய்தார்கள். புத்தகங்கள் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. அலுவலர் அதற்கு முன்பு ஒரு சோப்புக் கம்பெனியில் விற்பனை அதிகாரியாக இருந்தவர். நல்ல மனிதர், சிரித்த முகம், கழுத்தில் எப்போதும் டை. முதல் கூட்டத்திலேயே மனம் திறந்து பேசினார்.

"சோப்பு போட்டவன் சுத்தமானானான்னு கம்பெனி என்னைக்காவது போய்ப் பார்த்திருக்கா? இல்ல. எத்தனை கட்டி போச்சுன்னுதான் பார்க்கும். நாமளும் அப்படித்தான். உள்ளே என்ன நடக்குதுங்கிறது ஆண்டவர் டிபார்ட்மெண்ட். எண்ணிக்கை நம்ம டிபார்ட்மெண்ட்."

தாளாளர் கைதட்டினார். தாளாளர் தட்டியதால் தலைமை ஆசிரியை தட்டினார். கணக்கு டீச்சரும் தட்டினார். அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். இன்னும் தற்காலிகம்தான். இந்த வருடக் கடைசியில் ஒன்று நிரந்தர ஆணை வரும், இல்லாவிட்டால் 'தங்கள் சேவைக்கு நன்றி' என்று ஒரு தாள் வரும். நன்றித் தாள் வந்தால் நாற்பத்திரண்டு வயதில் மறுபடி பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, இருபத்திரண்டு வயதுப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து நேர்முகத் தேர்வு கொடுக்க வேண்டும். அதனால் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

அலுவலர் வந்த வேகத்தில் வசன ஒதுக்கீட்டுப் பதிவேடு ஒன்றைத் திறந்தார். ஒரு வசனத்தை ஒரு பருவத்தில் ஓர் ஆசிரியர்தான் பயன்படுத்தலாம். முந்தியவர்களுக்கு முன்னுரிமை. பருவம் தொடங்கும் திங்கட்கிழமை காலை ஏழரைக்கே மூன்றாம் மாடியில் வரிசை நின்றது. வேதியியல் ஆசிரியர் உப்பு வரும் இடங்களையெல்லாம் வளைத்துப் போட்டார். இயற்பியல் ஆசிரியர் ஒளி, விளக்கு, மின்னல் மூன்றையும் எடுத்துக்கொண்டார். பி.டி. மாஸ்டர் ஓட்டப்பந்தயத்தைப் பிடித்தார். தமிழ் ஐயா ஒரு பை கொண்டுவந்திருந்தார். பைபிளின் சங்கீதப் பாடல்கள் நூற்றைம்பதையும் மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

கணக்கு டீச்சரின் முறை வந்தபோது மணி ஒன்பது.

"ஐயா, அஞ்சு அப்பம் ரெண்டு மீன் இருக்குமே, அதைக் குடுங்க. ஆண்டவர் அந்த அஞ்சை அஞ்சாயிரம் பேருக்குப் பங்கு போட்டது. அது கணக்குதானே?"

அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார். "அப்பம்னா உணவு. மனையியல் டீச்சர் எடுத்துட்டாங்க. மீன் ரெண்டும் விலங்கியலுக்குப் போயிருச்சு."

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"எல்லாரும் சாப்பிட்டப்புறம் மிச்சம் அள்ளுன பன்னெண்டு கூடை இருக்கு. எழுதிக்கட்டுமா?"

டீச்சர் பன்னிரண்டு கூடையை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பருவம் முழுக்க, சதவீதமானாலும் விகிதமானாலும் வட்டத்தின் பரப்பளவானாலும், இருபத்து மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கூடைகள் வகுப்புக்கு வந்து போயின. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். டீச்சர் தொண்டையைச் செருமினால் போதும், நாற்பத்தொரு பேரும் முகத்தைத் தொடப்பட்ட மாதிரி வைத்துக்கொள்வார்கள். கூடை போனதும் முகத்தைக் கழற்றிவிட்டுக் கணக்கைப் பார்ப்பார்கள்.

நிகழ்தகவுப் பாடம் வந்தபோது ஒரு சுற்றறிக்கை இறங்கியது. உலகில் தற்செயல் என்று எதுவும் இல்லையாதலால், நாணயத்தைச் சுண்டினால் தலை விழும் வாய்ப்பு பாதி என்று தடாலடியாகச் சொல்வது விசுவாசத்துக்கு முரணானது, விடையோடு தகுந்த சொற்றொடரைச் சேர்க்கவும் என்றது. தேர்வில் பிள்ளைகள் 'இரண்டில் ஒன்று, அவர் சித்தமானால்' என்று ஒழுங்காக எழுதினார்கள். படிக்காமல் வந்த ஒருவன் வெறுமனே 'அவர் சித்தம்' என்று எழுதி வைத்திருந்தான். அவனுக்கு எத்தனை மார்க் போடுவது என்று டீச்சர் மூன்றாம் மாடிக்கு எழுதிக் கேட்டார். பாதி போடச் சொன்னார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் பூட்டு கணக்குப் போடத் தொடங்கினாள்.

பூட்டு என்பது எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். வாயைத் திறக்க மாட்டாள். வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள். கணக்கில் ஆறாம் வகுப்பிலிருந்தே முட்டைக்கு மேல் வாங்கியதில்லை. டீச்சர் இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே பின்னம் சொல்லிக்கொடுத்தார். இது எந்தக் கட்டத்திலும் வராத வேலை என்பதால் எங்கும் எழுதவில்லை.

ஒரு புதன்கிழமை சிறு தேர்வில் பூட்டு ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். வெறும் விடைகள்தான் இருந்தன, வழிமுறை ஒரு வரி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நன்றாகப் படிக்கும் பெண்ணின் நோட்டிலும் அச்சு அசலாக அதே விடைகள். மறுநாள் தாளாளரும் அலுவலரும் வகுப்பைப் பார்வையிட வருவதாக இருந்தது. நிரந்தர ஆணை அந்தப் பார்வையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாத உழைப்புக்கு இதுதான் பலனா என்ற எரிச்சலில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தார்.

"காப்பியடிச்சு அஞ்சு வாங்கறதுக்குச் சொந்தமா முட்டை வாங்கலாம்!"

பூட்டு கிழிந்த பக்கத்தையும் நோட்டையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வீட்டில் மற்ற நோட்டுகளைத் திருத்தும்போது, கட்டுக்கு நடுவில் பூட்டின் ரஃப் நோட்டு தவறி வந்திருந்தது. அந்த ஐந்து கணக்கும் அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வழிகளில் போட்டு, அடித்து, மறுபடி போட்டு, கடைசியில் விடையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். நன்றாகப் படிக்கும் பெண்தான் எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறாள். டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

டீச்சரின் கணவர் பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். கை கழுவிவிட்டு வந்தவர் விஷயத்தைக் கேட்டார்.

"நாளைக்குக் காலைல அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுடு. அவ்வளவுதானே?"

"நாளைக்கு எப்படிங்க முடியும்? தாளாளர் வர்றார். நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிக் குடுத்திருக்கேன். இருபத்தி மூணாவது நிமிஷத்துல கூடை வரணும். நடுவுல இதுக்கு எங்க இடம்? நாளான்னைக்குக் கேட்டுக்கறேன்."

"உன் கூடையைப் பத்தி எனக்குத் தெரியாது. பிரேக் போயிருக்குன்னு தெரிஞ்சப்புறம், நாளான்னைக்குப் பார்த்துக்கலாம்னு வண்டியை நான் ரோட்டுக்கு விடறதில்ல."

மறுநாள் தாளாளரும் அலுவலரும் வகுப்பின் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அலுவலர் கையில் நிறுத்துகடிகாரம் இருந்தது. டீச்சர் கரும்பலகையில் 'விகிதம்' என்று எழுதிவிட்டுத் திரும்பினார். நாற்பது பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பூட்டு மட்டும் நோட்டை எடுக்கவே இல்லை. பெஞ்சின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் இரண்டு வாக்கியம் நடத்திப் பார்த்தார். வாயிலிருந்து மூன்றாவது வாக்கியம் வர மறுத்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார்.

"நேத்து நீ காப்பியடிச்சதா நான் சொன்னேன். நீ அடிக்கல. உன் ரஃப் நோட்டைப் பார்த்தேன். அத்தனையும் நீயே போட்டிருக்க. தப்பு என் மேலதான். எல்லாரு முன்னாடியும் சொன்னதை எல்லாரு முன்னாடியும்தான் திருத்தணும். என்னை மன்னிச்சிரும்மா."

பூட்டு வெகுநேரம் பேசவில்லை. டீச்சரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பூட்டு தலையைத் தூக்கினாள்.

"எனக்கு ரொம்பக் கோவம் டீச்சர்."

"இருக்கும்மா. நியாயந்தான்."

"அந்தப் பக்கத்தை எங்கம்மாகிட்ட காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

"நான் ஒட்டித் தர்றேன். ஒட்டுனா நல்லா இருக்காதுதான். ஆனா தர்றேன்."

பூட்டு கொஞ்சம் யோசித்தாள். "சரி டீச்சர்" என்று பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். அந்த வகுப்பில் அவள் சேர்ந்தாற்போல மூன்று வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை. டீச்சர் மேஜையில் வைத்துப் பக்கத்தை ஒட்டினார். எட்டிப் பார்த்து எழுதிய பெண் தானாகவே எழுந்து நின்று அழுதாள், அவளையும் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. இருபத்து மூன்றாவது நிமிடம் எப்போது போனதென்றே யாருக்கும் தெரியாது. பெல் அடித்துவிட்டது. கூடை வரவில்லை.

அலுவலர் பார்வைத் தாளில் 'விசுவாச இணைப்பு: பூஜ்ஜியம். வீணான நேரம்: முப்பத்தொன்பது நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்கள். நன்றித் தாளை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் மாடி ஏறினார். உள்ளே தாளாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இருபது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. இதைத்தானே நாம தேடிட்டிருந்தோம்! இதை ஏன் ஏழாவது கட்டத்துல எழுதல?"

"அது திட்டத்துல இல்லங்கய்யா. அதுவா வந்துருச்சு."

"அதுவா வந்தா எப்படி? மத்த வகுப்புக்கும் வரணுமே. திட்டத்துல கொண்டுவந்துரலாம்."

அலுவலர் பார்வைத் தாளில் பூஜ்ஜியத்துக்கு முன்னால் ஒரு நான்கைப் போட்டார்.

அப்படித்தான் எட்டாவது கட்டம் பிறந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் வாரம் ஒரு மாணவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் படிவம் உண்டு, மூன்று பிரதிகள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கமிட்டிக்கு, ஒன்று பெற்றோருக்கு. இழைக்கப்பட்ட தவறு, தவறின் தேதி, மன்னிப்பின் தேதி, மன்னிக்க எடுத்துக்கொண்ட நேரம், மாணவர் கையெழுத்து. தவறை ஒரு வாரத்துக்கு முன்பே எழுதி ஒப்புதல் பெற வேண்டும் என்பதுதான் முக்கியமான விதி.

"செய்யாத தப்பை முன்கூட்டியே எப்படி எழுதறது சார்?" என்று வேதியியல் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார்.

"தப்பு பண்றதுக்குத் திட்டம் வேண்டாமா?" என்றார் அலுவலர். "நீங்க பாட்டுக்குப் பெரிய தப்பா பண்ணிட்டு வந்து நின்னா நிர்வாகத்துக்குத்தானே கெட்ட பேரு?"

ஆசிரியர்கள் திங்கட்கிழமை தவறு செய்து வியாழக்கிழமை மன்னிப்புக் கேட்கப் பழகினார்கள். பி.டி. மாஸ்டர் வந்திருந்தவர்களுக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டார். தமிழ் ஐயா வரிசையாகக் காதைத் திருகிக்கொண்டே போய், அடுத்த பீரியடில் அதே வரிசையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திரும்பி வந்தார். ஆங்கில டீச்சர் ஒரே வாரத்தில் ஐம்பத்து மூன்று மன்னிப்பு எழுதினார். தவறு செய்ய நேரமில்லாதவர்களுக்காக, போன வருடத்துத் தவறுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை சலுகை கொடுத்தார்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து சண்டைக்கு வந்துவிட்டார்.

"எதிர்வீட்டுப் பிள்ளைகிட்ட மூணு டீச்சர் மன்னிப்புக் கேட்டிருக்காங்க. எங்க பையன்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேக்கல. அவன் என்ன பாவம் பண்ணினான்? நாங்களும் பீஸ் கட்டித்தானே படிக்க வைக்கிறோம்?"

தாளாளர் அந்த இடத்திலேயே எழுந்து நின்று, பையனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்டார். எதற்காக என்று பையன் கேட்டான். உட்காரச் சொன்னார்கள்.

கணக்கு டீச்சருக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. ஆரம்பித்து வைத்தவர் அவர்தானே? எட்டாவது கட்டத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கணக்கு டீச்சர் முறைப்படி' என்றே அச்சடித்துவிட்டார்கள்.

வருடக் கடைசி நெருங்கியபோது தாளாளர் மறுபடி அழைத்தார். பதினான்கு பள்ளிகளின் தாளாளர்கள் இந்தத் திட்டத்தைப் பார்க்க வருகிறார்களாம். அரங்கத்தில், மேடையில், டீச்சரும் பூட்டும் அன்று நடந்ததை அப்படியே நடத்திக் காட்ட வேண்டுமாம். முடிந்ததும் அதே மேடையில் நிரந்தர ஆணை.

"ஐயா, அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு தடவை கேட்டாச்சு. அவளும் மன்னிச்சாச்சு. அது முடிஞ்சுபோச்சுங்க. மறுபடி அவளைக் கூப்பிட்டு நிறுத்தறது நல்லா இல்ல."

"அன்னைக்குப் படிவமே கிடையாதே டீச்சர்" என்றார் அலுவலர் கனிவாக. "பதிவில்லாத மன்னிப்பு செல்லாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"முடியாதுன்னு சொன்னா?"

தாளாளர் சிரித்தார். "சொல்ல மாட்டீங்க. உங்களுக்கு விசுவாசம் இருக்கு."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் கோழை இல்லை, ஆனால் அன்றைக்குக் கோழையாக இருந்தார். நேர்முகத் தேர்வு வரிசை கண்முன்னால் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கி வந்தார். வீட்டில் கணவரிடம் இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை.

ஒத்திகை மூன்று நாள் நடந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கத்தைக் கிழிக்க வேண்டும். கிழிக்கிற பக்கம் நிஜமாகவே சரியான கணக்காக இருக்க வேண்டும், உண்மைத்தன்மை முக்கியம் என்றார் அலுவலர். அதனால் பூட்டு, தான் சொந்தமாகப் போட்டு ஐந்துக்கு ஐந்து வாங்கிய அந்தக் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். யார்மீது காப்பியடித்ததாகப் பழி விழுந்ததோ அவளை இப்போது பள்ளிக்கூடமே உட்காரவைத்துக் காப்பியடிக்க வைத்தது. டீச்சர் எட்டுப் பக்கத்தையும் பார்த்தார். வாங்கி வைத்துக்கொண்டார்.

"எனக்குக் கோவம்னு சொல்ற இடத்தை எடுத்துடலாம்மா" என்று அலுவலர் பூட்டிடம் சொன்னார். "அது வேண்டாம். நேரா மன்னிப்புக்கு வந்துரு. 'மனப்பூர்வமா மன்னிச்சுட்டேன் டீச்சர்.' கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும். குரல் கொஞ்சம் தழுதழுத்தா நல்லது."

பூட்டு கெட்டிக்காரி. இரண்டாவது நாளே குரல் தழுதழுத்தது.

நிகழ்ச்சி நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. டீச்சர் மேடையில் நின்று, காப்பியடிப்பதற்குப் பதில் சொந்தமாக முட்டை வாங்கலாம் என்று கத்தினார். பக்கத்தைக் கிழித்தார். மூன்று அடி நடந்து போய் மன்னிப்புக் கேட்டார். பூட்டு சபையைப் பார்த்து, "மனப்பூர்வமா மன்னிச்சுட்டேன் டீச்சர்" என்றாள். பதினான்கு தாளாளர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். பின்வரிசையிலிருந்த ஒருவர், படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை கிழிக்க முடியுமா என்று கேட்டார். கையில் இன்னும் ஒரு பக்கம் மிச்சமிருந்தது. கிழித்தார்கள். மறுபடி மன்னித்தாள். மூன்று பிரதிகளிலும் அங்கேயே கையெழுத்து வாங்கினார்கள். 'மன்னிக்க எடுத்துக்கொண்ட நேரம்: நான்கு நொடி' என்று அலுவலர் பெருமையோடு ஒலிபெருக்கியில் வாசித்தார். நிரந்தர ஆணையைத் தாளாளர் டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் சிரித்த மாதிரி ஒரு படமும் எடுத்தார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டு வழக்கம்போல டீச்சர் மேஜைக்கு வரவில்லை. டீச்சர் அவளைத் தேடிக்கொண்டு வகுப்புக்குப் போனார். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

"நேத்து உன்னை மேடையில நிக்க வெச்சது தப்பும்மா. எனக்கு வேலை போயிடுமோன்னு பயம். அதுக்காக உன்னைப் பயன்படுத்திக்கிட்டேன். நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிரும்மா."

பூட்டு சட்டென்று எழுந்து நின்றாள். கையை விரைப்பாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மனப்பூர்வமா மன்னிச்சுட்டேன் டீச்சர்."

கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல். தழுதழுக்க வேண்டிய இடத்தில் சரியாகத் தழுதழுத்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"மூணு காப்பியும் குடுங்க டீச்சர். கையெழுத்துப் போட்டுடறேன்."

"காப்பி எதுவும் கொண்டு வரலம்மா. இது படிவத்துக்கு இல்ல."

"அலுவலர் சார் அப்புறமா வாங்கிப்பாரா?"

"இல்லம்மா. இது அவருக்குத் தெரியவே தெரியாது. யாருக்கும் தெரியாது."

பூட்டு பேனாவைப் பிடித்தபடி டீச்சரையே பார்த்தாள். கதவுப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்புறம் எதுக்கு டீச்சர் கேக்கறீங்க?"